சிவப்புக்கு நிற்கும் நாய்

செங்கல்பட்டு ஜங்ஷனில் ரிட்டையரானவர்கள் எத்தனையோ பேர். ரிட்டையரான பிறகும் ரயிலை விட்டு இறங்காதவர் உலகத்திலேயே எங்கள் கார்டு ஒருவர்தான்.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கும் இருந்திருக்கும். எழுபதுகளில் அவருக்கு அடுத்த போர்ஷனில் நான் பிரம்மச்சாரியாகக் குடியிருந்த காலம் முழுக்க யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. யாராவது தேடி வந்தால் அவர் மனைவியே "கார்டு குளிச்சிகினு கீறாரு" என்றுதான் சொல்வார். குடும்பத்தோடு கோயிலுக்குப் போனால் எல்லாரையும் முன்னால் அனுப்பிவிட்டுக் கடைசியாக நடப்பார். ரயிலில் கார்டின் இடம் கடைசிப் பெட்டிதானாம். தெருமுனை திரும்பும்போது, பெட்டி ஏதும் கழன்றுகொண்டதா என்று மனைவி மக்களை ஒருமுறை எட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொள்வார்.

அவர் வளர்த்த நாயின் பெயர் பாசஞ்சர். பிளாட்பாரத்தில் பிறந்து, பிரயாணிகள் போட்ட இட்லியில் வளர்ந்த சாம்பல் நிற நாட்டு நாய். ஒரு காது நிற்கும், இன்னொன்று படுத்திருக்கும். வா, போ என்றெல்லாம் அதற்குத் தெரியாது. விசில் ஊதிப் பச்சைக் கொடி காட்டினால் கிளம்பும். சிவப்பு காட்டினால் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நிற்கும். சோற்றைத் தட்டில் போட்டு, சிவப்பைக் காட்டிவிட்டுக் கார்டு பேப்பர் படிக்க உட்கார்ந்துவிடுவார். பக்கத்து வீட்டுக் கோழி வந்து சோற்றைக் கொத்தித் தின்னும். பாசஞ்சர் வாயில் நீர் ஒழுகப் பார்த்துக்கொண்டே நிற்கும்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் மண்டிக்காரர். செய்யூர்ப் பக்கத்திலிருந்து வந்து, மணிலா என்கிற வேர்க்கடலைக்கு மண்டி வைத்து முன்னேறியவர். கதவை அடைத்துக்கொண்டு நிற்கும் அளவுக்குப் பெரிய உருவம். தெரு நாயைத் தன் வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று அவர் ஒருநாள் சத்தம் போட்டார். கார்டு சளைக்காமல் ஒரு கதை அளந்தார். இது தெரு நாயே இல்லை, சீமைக்குத் திரும்பிப்போன வெள்ளைக்கார கார்டு ஒருவர் விட்டுவிட்டுப் போன உயர்ந்த சாதி நாயின் வாரிசு என்றார். மண்டிக்காரர் கொட்டையை உடைக்காமலே சொத்தை கண்டுபிடிக்கிறவர். அந்த வாரம்தான் மகாபலிபுரம் கடற்கரையில் நாய்க் கண்காட்சி என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

"அங்க போயி ஒரு கப்பு வாங்கினு வாங்க, கார்டு சார். அப்பால நாயி இங்கியே இருக்கட்டும். இல்லாங்காட்டி அது இந்த வூட்ட வுட்டுப் போவணும்" என்றார்.

கார்டு அன்று சாப்பிடவில்லை. பாசஞ்சரும் சாப்பிடவில்லை, பச்சை காட்ட மறந்துவிட்டார்.

மூன்று பேரும் நாயுமாகப் பஸ் ஏறினோம். மண்டிக்காரர் தீர்ப்பைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று கூடவே வந்தார். கண்டக்டர் விசில் அடிக்கும்போதெல்லாம் பாசஞ்சர் எழுந்து நடக்கத் தயாரானது. பின்னால் பார்க்காமல் விசில் ஊதுவது என்ன ஒழுங்கு என்று கார்டு திருக்கழுக்குன்றம் வரைக்கும் கண்டக்டரோடு சண்டை போட்டார். மண்டிக்காரர் முன் சீட்டில் உட்கார்ந்து, காலை மேலே மடக்கி வைத்துக்கொண்டு, நாயை விட்டுக் கண்ணை எடுக்காமல் வந்தார்.

கடற்கரையில் மதராஸிலிருந்து காரில் வந்த நாய்கள் நின்றன. ஒரு அம்மாள் தன் சடை நாய்க்கு விசிறிக்கொண்டிருந்தார். ஒருவர் தனக்கும் நாய்க்கும் ஒரே துணியில் கோட்டு தைத்துப் போட்டிருந்தார். ரிட்டையரான மேஜர் ஒருவர் நாயிடம் கொஞ்சிப் பேசிவிட்டு மனைவியைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தார். இவர்களுக்கு நடுவில் எங்கள் கார்டு வெள்ளை யூனிபாரமும் தொப்பியும் போட்டு, இரண்டு கொடிகளோடு நின்றார். அன்றைக்கு அவர் ஒருவர்தான் அங்கே சாதாரண மனிதராகத் தெரிந்தார்.

நாய்களை வட்டமாக நடத்தி வரச் சொன்னார் நடுவர். கார்டு விசில் ஊதிப் பச்சையை அசைத்தார். சங்கிலி இல்லாமல், இடது வலது பார்க்காமல், தண்டவாளத்தில் போவதுபோல் பாசஞ்சர் போயிற்று. கூட்டம் கைதட்டியது. நடுவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். கப்பு வந்துவிட்டது என்றே நினைத்தேன்.

இரண்டாவது சுற்றில்தான் மண்டிக்காரருக்கு வெயில் தாங்கவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு துண்டு வாங்கி, வட்டத்தைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றோரம் நின்று முகத்துக்கு நேரே வீசிக்கொண்டார். நல்ல ரத்தச் சிவப்புத் துண்டு.

பாசஞ்சர் ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. கார்டும் நின்றார். பின்னால் வந்த மேஜரின் நாய் அவர்மேல் மோத, அதன்மேல் சடை நாய் மோத, கோட்டுக்காரர் மணலில் உட்கார்ந்துவிட்டார். நடங்கள், நடங்கள் என்றார் நடுவர்.

"சிவப்பு காட்டிகினு கீறாங்க சார். எப்டி வண்டிய எடுக்கறது?" என்றார் கார்டு.

நான் கயிற்றுக்கு இந்தப் பக்கமிருந்து கெஞ்சினேன். அது வெறும் துண்டு, நாயே கையை விட்டுப் போய்விடும், பச்சையைக் காட்டித் தொலையுங்கள் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனாலும் அசையவில்லை.

"துண்டா இருந்தா இன்னா தம்பி? அதுக்கு சிவப்புன்னா சிவப்புதான். நானே மீறச் சொன்னா, நாளைக்கி அது யார நம்பும்?"

மற்ற நாய்கள் அவர்களைச் சுற்றிக்கொண்டு போயின. கப்பு சடை நாய்க்குப் போயிற்று.

மண்டிக்காரருக்கு விஷயம் மெல்லத்தான் புரிந்தது. துண்டைத் தாழ்த்தினார், பாசஞ்சர் காலைக் கீழே வைத்தது. உயர்த்தினார், கால் மேலே போயிற்று. நான் காட்டினாலும் நிற்குமா என்று சின்னக் குரலில் கேட்டார். யார் காட்டினாலும் நிற்கும் என்றார் கார்டு. அப்புறம்தான் அந்தப் பெரிய மனிதர் வேட்டியை விலக்கி, கெண்டைக்காலில் இருந்த பழைய தழும்பைக் காட்டினார். சின்ன வயதில் சவுக்குத் தோப்பில் ஒரு நாய் துரத்திப் பிடித்ததாம். சாதியாவது ஒன்றாவது, அவருக்குப் பயமெல்லாம் பல்லைப் பற்றித்தான். நாயை வெளியே போகச் சொல்லும் பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவே இல்லை.

அன்று முதல் தோளில் சிவப்புத் துண்டு இல்லாமல் மண்டிக்காரரை யாரும் பார்த்ததில்லை. சாயங்காலங்களில் மண்டியைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்து, பாசஞ்சரை நிறுத்தியும் கிளப்பியும் பார்த்துக்கொண்டிருப்பார். கார்டு பக்கத்தில் நின்று, கையை இன்னும் நீட்டிக் காட்டுங்கள் என்று திருத்துவார்.

சில வருஷம் கழித்துக் கார்டின் மகனுக்குத் திருச்சியில் வேலை கிடைத்தது. அப்பா அம்மாவைக் கூப்பிட்டுக்கொண்டான். ரயிலின் கடைசிப் பெட்டியில் இருந்த நாய்க் கூண்டில் பாசஞ்சரை ஏற்றினார்கள். எல்லாரையும் ஏற்றிவிட்டுக் கார்டு கடைசியாக ஏறினார். ரயில் நகர்ந்ததும் மண்டிக்காரர் அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு பிளாட்பாரத்தின் கோடி வரைக்கும் ஓடி, கடைசிப் பெட்டியைப் பார்த்துச் சிவப்புத் துண்டை அகலமாக விரித்துப் பிடித்தார். ரயில் நிற்கவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் ஓடி வந்து, புத்தி இருக்கிறதா, ஓடுகிற ரயிலுக்குச் சிவப்பு காட்டலாமா என்று கத்தினார்.

"ரயிலுக்கு இல்ல சார். நாய்க்குக் காட்னேன்" என்றார் மண்டிக்காரர்.

துண்டின் மறுமுனையை நான் பிடித்துக்கொண்டிருந்தேன்.