பங்களா பின்வாசலில் கொடுத்த டீக்கு விளக்கம்

சூரியநெல்லி,
21-11-1974

பாசமுள்ள சுவக்கீன் அத்தானுக்கு,

மைத்துனன் மிக்கேல்ராஜ் தாழ்மையுடன் தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. மாதாவின் தயவில் இங்கே நானும் சாந்தம்மாளும், பிள்ளைகள் செசிலியும் அமலனும் சளி இருமல் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். உடும்பஞ்சோலையில் தாங்களும் அக்காவும் சுகமாக இருக்கவும், ஏலக்காய் விலை இறங்காமல் இருக்கவும் தினமும் ஜெபிக்கிறோம். இந்தக் கடிதம் முதலில் அக்கா கையில் கிடைத்தால், அடுப்பில் போடுமுன் தயவுசெய்து ஒரே ஒரு முறை வாசித்துவிட்டுப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா எழுதிய கார்டு வந்து சேர்ந்தது. "ஒங்க அத்தான் பங்களாப் பின்வாசல்ல நின்னு, நெளிஞ்ச கோப்பையில டீ குடிச்சிட்டு வந்தாவ. இனிமே எங்க காலு ஒங்க பக்கம் வராது. அமலன் புதுநன்மைக்கு வேற பெரிய மனுசனாப் பாத்து நிறுத்திக்கோ" என்று அதில் இருந்தது. மூடிய கவரில் எழுதியிருந்தால் நான் மட்டும் அழுதிருப்பேன். கார்டு என்பதால் தபால்காரர் முதல் ஆபீஸ் பியூன் வரை எல்லோரும் வாசித்து, ஆளுக்குக் கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள். அத்தான், அமலனை ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய ஞானத்தகப்பன் நீங்கள். டிசம்பர் எட்டாம் தேதி பூசையில் அவன் முதல் முதலாக நன்மை அப்பம் நாவில் வாங்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்காவிட்டால் தானும் கோயிலுக்கு வரப்போவதில்லை என்று சொல்லிவிட்டான். பங்குச் சாமியார் சொல்லியும் கேட்கவில்லை. ஆகவே நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டுங்கள், ஆனால் இங்கே வந்து திட்டுங்கள்.

எஸ்டேட்டில் ஒருவன் யார் என்று விசாரிக்க வேண்டியதில்லை, எங்கே தூங்குகிறான் என்று தெரிந்தால் போதும் என்பது உங்களுக்கே தெரியும். கொழுந்து எடுப்பவர்களுக்கு லயம், என்னைப் போன்ற கிளார்க்குகளுக்கு குவார்ட்டர்ஸ், துரைமாருக்குப் பங்களா. இந்த வரிசையைச் சர்க்கார் மாறியும் யாரும் மாற்றவில்லை, ஆடி மாதக் காற்றுதான் மாற்றியது. ராத்திரியோடு ராத்திரியாக எங்கள் குவார்ட்டர்ஸின் தகரக் கூரையைப் பிய்த்துக் கொண்டுபோய்க் கீழே தேயிலைக் காட்டில் போட்டுவிட்டது. நாங்கள் நாலு பேரும் கட்டிலுக்கு அடியில் ஜெபமாலை சொல்லிக்கொண்டு கிடந்தோம். மறுநாள் பெரிய துரை வந்து பார்த்தார், வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சின்னத்துரை மாற்றலாகிப் போனதில் அவருடைய பங்களா காலியாகக் கிடந்தது. கூரை போட்டு முடிகிற வரைக்கும் அங்கே போய் இரு என்றார். ஐந்து மினிட்டில் நான் பங்களாக்காரன் ஆனேன். எஸ்டேட்டில் பதினெட்டு வருஷம் உழைத்து அடையாததைக் காற்று அடித்து அடைந்தேன் என்று ஆபீசில் கேலி பேசினார்கள்.

பிள்ளைகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை, அத்தான். இரண்டு அறையில் வளர்ந்ததுகளை ஏழு அறையில் கொண்டுபோய் விட்டால் திரும்பி வரும்போது என்ன ஆகும்? முதல் வாரத்திலேயே ஆட்டம் ஆரம்பித்துவிட்டது. சாப்பாட்டு மேஜை மேல் ஒரு பித்தளைக் கைமணி உண்டு, அதை ஆட்டினால் சமையல்காரர் வருவார். அமலன் தண்ணீருக்கு ஒரு தடவை ஆட்டினான், பிறகு பென்சில் கீழே விழுந்ததற்கு ஆட்டினான். செசிலியோ பள்ளிக்கூடத்தில், தங்கள் வீட்டில் தீ காய்வதற்கென்றே சுவரில் ஓர் இடம் உண்டு என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். பொருள் மேல் ஆசை வைக்கக்கூடாது என்று அப்பா எனக்கும் அக்காவுக்கும் சொல்லித் தந்ததை நானும் சொல்லித் தரவேண்டாமா? அதனால் சாயங்கால ஜெபம் முடிந்ததும் கோயிலில் மன்றாட்டு மாலை சொல்வதுபோலவே ஒன்றை ஏற்படுத்தினேன். நான் ஒவ்வொரு பொருளாகச் சொல்லவேண்டும், பிள்ளைகள் பதில் சொல்லவேண்டும். "மெத்தை வைத்த சோபா" என்பேன், "எங்களுக்கு வேண்டாம்" என்பார்கள். "பூப்போட்ட திரைச்சீலை" என்பேன், "எங்களுக்கு வேண்டாம்" என்பார்கள். ஒரு நாள் நான் முடித்த பிறகு செசிலி தானாகவே "குளிக்கிற தொட்டி" என்று சேர்த்தாள். அவள் அம்மாவும் அமலனும் "எங்களுக்கு வேண்டாம்" என்றார்கள். எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்துவிட்டது.

அந்தத் தொட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சாந்தம்மாள் வேறு மாதிரி சொல்லுவாள். வெள்ளைப் பூச்சுப் போட்ட இரும்புத் தொட்டி, சிங்கத்தின் கால் மாதிரி நாலு கால், ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இடுப்பு வலிக்கு வெந்நீர் நல்லது என்று நம் கம்பவுண்டர் சொன்னதால் மருந்தாக நினைத்துத்தான் அதில் உட்கார்ந்தேன். ஆசையாக ஒரு நாளும் உட்காரவில்லை. மருந்தை விடாமல் சாப்பிட வேண்டும் அல்லவா, அதனால் தினமும் உட்கார்ந்தேன். ஜெபத்துக்கு நேரமாகிவிட்டது என்று பிள்ளைகள் வந்து கதவைத் தட்டுவார்கள்.

இனி சமையல்காரர் பெரியமுத்துவுக்கு வருகிறேன். இவர் வெள்ளைக்காரத் துரைமாருக்கே சமைத்துப் போட்டவர். பங்களாவின் மானம் மரியாதை எல்லாம் தன் தலையில் இருப்பதாக எண்ணம். ஷூ போட்டவர் முன்வாசல், செருப்புப் போட்டவர் பக்கவாசல், தோளில் மூட்டையோடு வந்தவர் பின்வாசல் என்பது அவர் சட்டம். முதல் நாள் என்னையே பக்கவாசலுக்குத்தான் கைகாட்டினார். சாந்தம்மாளைச் சமையல்கட்டுப் பக்கமே விடவில்லை. "தொரசாணி அடுப்படிக்கு வரக்கூடாதுங்கம்மா, பங்களா பேரு கெட்டுப்போயிரும்" என்று சொல்லி, தினமும் ஏதோ வெள்ளையாகத் தண்ணீர் மாதிரி சூப்பும், ரொட்டியில் முட்டை ஊற்றி வேகவைத்த இனிப்பும் கொண்டுவந்து வைப்பார். இரண்டு மாதத்தில் என் மனைவி பாதியாக இளைத்துப்போனாள். அப்போதுதான் அக்கா ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுத்தனுப்பிய சாளைக் கருவாடு வந்து சேர்ந்தது. பார்சலைப் பிரித்ததும் சாந்தம்மாள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் பங்களாவில் கருவாட்டு வாசம் எழுந்தால் தான் வேலையை விட்டுப் போய்விடுவதாகப் பெரியமுத்து முன்பே சொல்லியிருந்தார்.

நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், "நாங்க தூங்கப் போறோம், யாரு வந்தாலும் உள்ள விடாதீங்க" என்று பெரியமுத்துவிடம் சொல்லி அவரைப் பின்கட்டுக்கு அனுப்பினேன். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துத் திரைச்சீலையை இழுத்துவிட்டோம். பெரிய அறையில் தீ காய்கிற இடத்திலேயே சாந்தம்மாள் சட்டியை வைத்துக் குழம்பைக் கூட்டினாள். சோபாக்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க, நாங்கள் நாலு பேரும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக வயிறு நிறையச் சாப்பிட்டோம். அத்தான், இதைச் சொல்ல எனக்கு நாக் கூசுகிறது. சரியாக அந்த நேரத்தில்தான் நீங்கள் பூப்பாறை வரைக்கும் பஸ்ஸிலும் அங்கிருந்து ஜீப்பிலும் ஏறி, தோளில் மூட்டையோடு வந்து நின்றிருக்கிறீர்கள். "தொரை தூங்குறாரு, பாக்க முடியாது" என்று பெரியமுத்து சொன்ன அந்தத் துரை, உங்களுக்கு இருபது அடி தூரத்தில் உட்கார்ந்து, நீங்கள் கொடுத்தனுப்பிய கருவாட்டின் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான். வெளியாட்களுக்கென்று வைத்திருக்கும் எனாமல் கோப்பையில் டீயைக் கொடுத்து உங்களை நிற்கவைத்ததும், நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் குடித்துவிட்டு மூட்டையைப் படியில் வைத்துவிட்டுப் போனதும் சத்தியமாக எங்களுக்குத் தெரியாது.

சாப்பிட்டு முடித்துக் கதவைத் திறந்தால் பெரியமுத்து நிற்கிறார். "ஏலக்காக்காரரு ஒருத்தரு வந்தாருங்கய்யா. டீ குடுத்து அனுப்பிட்டேன். இந்த மூட்டைய விட்டுட்டுப் போயிட்டாரு." மூட்டைக்குள் கருப்பட்டியைக் கட்டியிருந்த பச்சைத் துணியைச் செசிலி தூக்கிப் பார்த்தாள். "இது அத்தையோட பழைய சேலை" என்றாள். அவ்வளவுதான். இரண்டு பிள்ளைகளும் கையைக்கூடக் கழுவாமல், செருப்பும் இல்லாமல் ரோட்டுக்கு ஓடினார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஜீப் போயிருந்தது. அமலன் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதான். செசிலி அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "தினமும் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொன்னீய. இப்ப மாமாவயும் சேத்துல்லாப்பா வேண்டாம்னு சொல்லிட்டோம்" என்றாள். பதினொரு வயதுப் பிள்ளை முன்னால் நான் தலை குனிந்து நின்றேன், அத்தான். பெரியமுத்துவும் துடித்துப்போனார். "சொந்தக்காரங்கன்னு மொகத்துல எழுதியாங்கய்யா இருக்கு? ஒரு வார்த்த சொல்லியிருந்தா சோபாவுல உக்கார வச்சிருப்பேனே" என்று தலையில் அடித்துக்கொண்டார். நீங்கள் குடித்த கோப்பையை அமலன் கழுவி எடுத்து வைத்துக்கொண்டான். இன்று வரைக்கும் அதில்தான் டீ குடிக்கிறான். யார் கேட்டாலும் தருவதில்லை.

அதோடு பங்களா மோகம் பிள்ளைகளை விட்டுப் போய்விட்டது. மணியை யாரும் தொடவில்லை. போன மாதம் கூரை வேலை முடிந்தபோது பெரிய துரை, "புதுச் சின்னத்துரை வர நாளாகும், அதுவரைக்கும் இருந்துக்கோயேன்" என்றார். நான் வீட்டுக்கு வந்து சொல்வதற்குள் பிள்ளைகள் புத்தகப் பையில் துணிமணிகளை அடைத்துக்கொண்டு வாசலில் நின்றார்கள். அப்பாடா என்று இருந்தது எனக்கு. குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றே சாந்தம்மாள் கதவை அகலத் திறந்துவைத்துக்கொண்டு மிச்சமிருந்த கருவாட்டைக் குழம்பு வைத்தாள். அடுத்த வீட்டு வேலுத்தாய் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏ சாந்தம்மா, கருவாடா? ஒரு கிண்ணம் இங்க தா" என்றாள். மூன்று மாதமாக அவள் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிடவே இல்லை, தொரசாணி என்று ஒதுங்கித்தான் போனாள். என் மனைவி கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துக்கொண்டு நின்றாள். புதுக் கூரை ஒழுகவில்லை. வாசல் நிலையில் தலை இடிக்கிறது, பழகிவிடும். சின்னத்துரை வீட்டில் இத்தனை நாள் இருந்தும் ஒரு சாமான் மேலும் ஆசை வைக்காமல் நாங்கள் வந்து சேர்ந்ததை நினைத்தால் மனசு லேசாகிறது. பிள்ளை வளர்ப்பில் மற்றதில் எப்படியோ, இதில் நான் தவறவில்லை என்றே நினைக்கிறேன்.

ஆகையால் அத்தான், நடந்ததை மறந்து, டிசம்பர் எட்டாம் தேதிக்கு ஒரு நாள் முன்னதாகவே அக்காவோடு புறப்பட்டு வாருங்கள். இங்கே பங்களாச் சட்டம் எதுவும் கிடையாது. எங்கள் முன்வாசல் குனிந்து நுழைகிற வாசல்தான், ஆனாலும் நீங்கள் அது வழியாகத்தான் வரவேண்டும், நானே சொம்பில் தண்ணீரோடு அந்தப் படியில் நிற்பேன். எஸ்டேட் முழுவதும் பார்க்க உங்களை முன்வாசல் வழியாக அழைத்துப் போனால்தான் என் மனசு ஆறும். அமலன் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறான். அக்காவின் காலில் விழுந்து கும்பிட்டதாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் இருவரும் மாமாவுக்கும் அத்தைக்கும் முத்தம் கொடுத்தனுப்புகிறார்கள். சாந்தம்மாள் மரியாதை தெரிவிக்கிறாள். மாதா உங்கள் வீட்டுக்கும் கடைக்கும் காவலாக இருப்பாளாக.

தங்கள் அன்பை இழக்க விரும்பாத மைத்துனன்,
மிக்கேல்ராஜ்

பி.கு: மேலே உள்ளதை எழுதி, தபாலில் போடாமல் இரண்டு நாள் வைத்திருந்ததில் ஒரு சிறு விஷயம் நடந்துவிட்டது. வரப்போகிற சின்னத்துரைக்குத் தொட்டி வேண்டாமாம், மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிற குழாய் போதுமாம். பங்களாவின் பழைய சாமான்களை ஆபீஸ் முன்னால் ஏலம் விட்டார்கள். நான் சும்மா பார்க்கத்தான் போனேன். தொட்டியை ஒருவரும் கேட்கவில்லை, வெயிலில் தனியாக நின்றுகொண்டிருந்தது. என் கை எப்போது மேலே போனது என்று எனக்கே தெரியாது. ஆறு ஆள் தூக்கிக்கொண்டு வந்து, சாய்த்துத் திருப்பி வீட்டுக்குள் நுழைக்கும்போது அது முன்வாசல் நிலையில் சிக்கிக்கொண்டது. உள்ளேயும் வரவில்லை, வெளியேயும் போகவில்லை. நிலையை அறுத்தால்தான் எடுக்கலாம் என்கிறார் ஆசாரி. எஸ்டேட் கட்டடம் என்பதால் பெரிய துரை அனுமதி கொடுக்க வேண்டும், அவர் கிறிஸ்துமஸ் கழிந்துதான் லீவு முடிந்து வருகிறார். சாந்தம்மாள் என்னோடு பேசுவதில்லை. பிள்ளைகள் சாயங்காலம் அதன் முன்னால் முழங்காலில் நின்று, "குளிக்கிற தொட்டி, அப்பாவுக்கு வேண்டாம்" என்று எனக்காக ஜெபிக்கிறார்கள். ஆகவே புதுநன்மைக்கு வரும்போது தாங்களும் அக்காவும் தயவுசெய்து பின்வாசல் வழியாக வரவும். நாங்களும் இப்போது அந்த வழியாகத்தான் போய்வருகிறோம். சொம்போடு அங்கேயே நிற்பேன். டீ நல்ல தம்ளரில்தான் வரும், எனாமல் கோப்பையை அமலன் யாருக்கும் தரமாட்டான்.