பிளாஸ்மா பெட்டிக்கு ஆயுத பூஜை

முழு பக்தனால் உலகத்துக்குப் பெரிய கெடுதல் வந்துவிடுவதில்லை. முழு நாத்திகனாலும் அப்படித்தான். இரண்டிலும் பாதிப் பாதி வாங்கி வைத்திருப்பவன் கையில்தான் விலை உயர்ந்த இயந்திரத்தைக் கொடுக்கக் கூடாது. மலாக்காவில் ஒரு பல்கலைக்கழகம் என் கையில் கொடுத்தது.

அப்போது நான் அங்கே ஆய்வு உதவியாளன். என் ஊரான மெர்லிமாவ் வட்டாரத்திலேயே பிளாஸ்மாவைப் பற்றிப் பேசத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கொரு நினைப்பு (கேட்கத்தான் ஆள் இல்லை). தண்ணீர் வடிகட்டும் பாலிமர் சவ்வு, அதாவது கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள், இயல்பிலேயே தண்ணீரை அண்டவிடாது. அதை ஓர் எஃகுப் பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் ஆக்சிஜனை விட்டு மின்சாரம் பாய்ச்சினால் உள்ளே ஓர் ஒளி எழும். அதுதான் பிளாஸ்மா. அது பட்ட சில நிமிடங்களில் தாளின் மேற்பரப்பு மட்டும் குணம் மாறி, தண்ணீரை வா வா என்று இழுத்துக்கொள்ளும். மனிதர்களுக்கும் இப்படி ஒரு பெட்டி இருந்தால் என் மாமாக்களில் இருவரை உள்ளே வைத்திருப்பேன்.

என் ஒப்பந்தம் முடியப் போகிற நேரம். வடிகட்டித் தொழிற்சாலையின் சீன முதலாளி மிஸ்டர் டான் எங்கள் வேலையைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்தால் எனக்கு அவர் தொழிற்சாலையில் நிரந்தர வேலை. அவர் வரும் நாளுக்கு முதல் நாள் ஆயுத பூஜை.

“லாரிக்குப் போடுறோம், மோட்டாருக்குப் போடுறோம், மாவு அரைக்கிற மிஷினுக்குக்கூட போடுறோம். சோறு போடப் போற மிஷினுக்கு ஒரு பொட்டு இல்லியா?” என்றார் அம்மா.

“அது சயன்ஸ் மிஷின்லா, அம்மா.”

“சயன்ஸ்னா சாமி வேணாமா? ஒனக்கு வேல கெடைக்கணுமா வேணாமா?”

மூடநம்பிக்கையைப் பற்றி அம்மாவுக்கு ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். ஆற்றி முடித்துவிட்டு, சந்தனம், குங்குமம், ஒரு பெரிய கற்பூரக் கட்டி அடங்கிய பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன் ஆய்வகத்தில் நின்றேன். இயந்திரத்தின் பின்பக்கம் யார் கண்ணிலும் படாமல் பொட்டு வைத்தாயிற்று. கற்பூரம்தான் பிரச்சினை. அங்கே நெருப்பு கூடாது. கூரையில் புகை பட்டால் அலறும் மணி. தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. சாமிக்குத் தெரிந்தால் போதும், பாதுகாப்பு அதிகாரிக்குத் தெரிய வேண்டாம் என்று பெட்டிக்குள்ளேயே ஒரு மூலையில் வைத்தேன். வேதியியலில் பட்டம் வாங்கியவன், கற்பூரம் தானாகவே ஆவியாகும் என்று பரீட்சையில் எழுதி மதிப்பெண் வாங்கியவன், காற்றில்லாமல் ஆகப் போகும் பெட்டிக்குள் அதை வைத்துக் கும்பிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மிஸ்டர் டான் வந்தார். என் ஆய்வுத் தலைவி டாக்டர் பத்மா தாள்களை எடுத்துக் கொடுக்க, நான் உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினேன். பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது.

“ஏன் குமரன் இவ்ளோ நேரம் எடுக்குது?”

“மழை டாக்டர். காத்துல ஈரம்.”

வழக்கமாக மங்கலாக எரியும் ஒளி அன்று நீலம் கலந்த வெள்ளையாகப் பளிச்சென்று எரிந்தது. அம்மன் வந்துவிட்டாள் என்று எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தாளை எடுத்து மேசையில் வைத்து, அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். அது பரவியிருக்க வேண்டும். சேம்பிலையில் நிற்பதுபோல் உருண்டையாக நின்றது. அடுத்த தாளிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

மிஸ்டர் டான் பெட்டிப் பக்கம் குனிந்து முகர்ந்தார்.

“தம்பி, இது சூடம் வாசன,” என்றார், சரளமான தமிழில். “எங்கப்பா பெம்பான்ல எஸ்டேட்டு ஆளுங்களுக்குச் சாமான் கட வச்சிருந்தாரு. சூடம் வித்தது நாந்தான்.”

மூலையில் கட்டி மொச்சைக்கொட்டை அளவுக்கு இளைத்துக் கிடந்தது. டாக்டர் பத்மா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“ஆவியான சூடம் பிளாஸ்மால மாட்டி, தாள் மேல ஒரு தோலாட்டம் படிஞ்சிருக்கு. வாழ்த்துகள் குமரன். சூடத்துல வார்னிஷ் அடிச்ச லேப் வேற எங்கயும் இருக்காது.”

“மிஷின் நல்ல மிஷின்தான்,” என்றார் மிஸ்டர் டான், பரிதாபமாக. “ஆனா நான் விக்கிற பில்டர்ல தண்ணி உள்ள போகணும் தம்பி.”

அவர்கள் கடற்கரைப் பக்கம் உம்பாய்க்கு மீன் சாப்பிடப் போனார்கள். நான் பெட்டியைத் துடைத்தேன். துடைத்துக்கொண்டே அழுதேன், கற்பூர நெடி என்று சொல்லிக்கொண்டேன். ஒப்பந்தத்தை யாரும் நீட்டிக்கவில்லை. இப்போது நான் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியர்.

அன்று நடந்ததை எல்லாம் வீட்டில் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

“கொளுத்துனியா?”

“இல்லம்மா. அங்க நெருப்பு…”

“கொளுத்தாத சூடத்த வச்சா, எதுக்கு வச்சேன்னு சாமிக்கு எப்படிடா தெரியும்?”

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் எவனுக்கு எது ஊற்றிக்கொண்டாலும், லைசென்ஸ் டெஸ்டில் தோற்றாலும், பெண் வீட்டார் வேண்டாம் என்றாலும், முதல் விசாரணை “கொளுத்துனியா?” என்பதுதான். என் கல்யாணத்தில் மண்டப வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற அத்தை, “சூடம் எரியுதா பாத்துக்குங்க. மாப்ள எடுத்து உள்ள வச்சிருவாரு,” என்றார். கூட்டமே சிரித்தது. கதை தெரியாத என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என் ஜிப்பாப் பையைப் பார்த்தாள்.