பாவம் பார்க்கும் கதவு

அட்டைப்பெட்டித் தொழிற்கூடத்தின் வாசலில் காலையிலேயே நீண்ட வரிசை. பெட்டி வாங்க வந்தவர் ஒருவரும் அதில் இல்லை. எல்லோரும் கதவைப் பார்க்க வந்தவர்கள். கதவு என்றால் சாதாரணக் கதவா? விரலைத் தொட்டே ஆளின் யோக்கியதையைச் சொல்லிவிடுகிற கதவு! பெண்ணைப் பெற்ற ஒருவர் வருங்கால மாப்பிள்ளையைக் கையோடு இழுத்து வந்திருந்தார். கூட்டாகக் கடை போடப்போகும் இருவர், ஒருவர் விரலை மற்றவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மருமகளைச் சோதித்துப் பார்க்க ஒரு மாமியார் வந்திருந்தார். மாமியாரைச் சோதித்துப் பார்க்கத்தான் தான் வந்திருப்பதாக மருமகள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

முறை வந்ததும் சுவரில் பதித்திருந்த கருவியின் மேல் விரலை வைக்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியும். உள்ளிருந்து ஒரு பெண்குரல், "மீண்டும் முயலவும்" என்று வெடுக்கெனச் சொல்லும். கூட்டம் உச்சுக் கொட்டும். வாசலில் நிற்கும் முதலாளியின் மைத்துனர் உடனே ஒரு குப்பியை நீட்டுவார். அதற்குப் பெயர் கைத்தைலம். காசைக் கொடுத்து, தைலத்தைத் தடவி, விரலை மறுபடி வைத்தால் அதே குரல், அதே "மீண்டும் முயலவும்". ஆனால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், வரவேற்பு மேஜைக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் கதவுச் சித்தர் கண்ணை மூடி உதட்டை அசைப்பார். டக்! கதவு திறந்துவிடும். இயந்திரம் திட்டினாலும் கதவு மன்னித்துவிட்டதாம். முன்கூட்டியே விரலைப் பதிந்து வைக்காத ஆளை அந்தக் கருவிக்கு எப்படித் தெரியும் என்று ஒருவராவது கேட்க வேண்டுமே? கேட்கலாம்தான். வரிசையில் இடம் போய்விட்டால் என்ன செய்வது!

இந்தக் கூட்டத்தை ஓரமாக நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தார் ஒயர்மேன். கதவுக்குக் கருவி பொருத்தியவரே அவர்தான். நிலைச்சட்டத்தில் துளை போட்டு, ஒயரை இழுத்து, கதவின் தலைமாட்டில் காந்தப் பூட்டை வைத்தது அவர் கை. மின்சாரம் ஓடும்வரை காந்தம் கதவைக் கவ்விக்கொண்டிருக்கும்படியும், பதிந்த விரல் பட்டால் பிடியை விடும்படியும் இணைத்ததும் அவர் கை. "கதவுக்கு உயிர் கொடுத்த கை" என்று சித்தர் கூட்டத்தின் முன்னால் அந்தக் கையைத் தூக்கிக் காட்டியதிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தான் முறுக்கிய ஒயரைத் தானே கும்பிடுகிற அதிசயப் பிறவி!

சித்தர் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. பேருந்து நிற்குமிடத்தில் துண்டு விரித்துக் கைரேகை பார்த்தவர். கருவி வேலை தொடங்கிய நாளில், நல்ல வார்த்தை நாலு சொல்வார் என்று மைத்துனர் அழைத்து வந்தார். காலியாகக் கிடந்த வரவேற்பு நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணை மூடினார், கால்மேல் கால் போட்டார். பூட்டியிருந்த கதவு டக்கென்று திறந்தது. முதலாளி எழுந்து நின்றுவிட்டார். சித்தரும்தான் திடுக்கிட்டார், ஆனால் அவர் கெட்டிக்காரர். முழங்காலைத் தடவிக்கொண்டே, "ரேகை படிக்கிற இயந்திரம் என் சிஷ்யன். குரு வந்ததும் கதவைத் திறந்து விடறான்" என்றார். அந்த நாற்காலியை விட்டு அதன்பின் அவர் நகரவில்லை. வாசலில் இருந்த அழைப்பு மணியும் அந்தச் சமயத்திலிருந்து அடிக்கவில்லை. "ஓசையை அடக்கி வெச்சிருக்கேன்" என்றார். அதற்கும் கும்பிட்டார்கள்.

வெளியாட்கள் காசை மட்டும் இழந்து தப்பித்தார்கள். உள்ளே வேலை பார்ப்பவர்களுக்குத்தான் வந்தது வினை. கதவு ஏற்காமல் தள்ளிய கை கேடு பிடித்த கை, அந்தக் கை தொட்ட பெட்டி விற்காது என்று சித்தர் சொல்லிவிட்டார். சொல்லி வாய் மூடுமுன் காலணிப் பெட்டிகளுக்கான பெரிய ஆர்டர் ஒன்று திரும்பிவிட்டது. பெட்டியின் அளவைத் தப்பாக எழுதிக்கொண்டவர் மைத்துனர். பழியோ கதவு தள்ளிய கைகளுக்குப் போயிற்று. மற்றவர்கள் பயந்துபோய்த் தைலம் வாங்கினார்கள், கதவும் திறந்தது. வாங்கமாட்டேன் என்று நின்றது ஒரே ஒருத்திதான். பசை மேஜையில் பெட்டி ஒட்டுகிறவள். ஒயர்மேனின் மனைவி.

முதலாளி அவளைக் கூப்பிட்டார். "நாளைக்குக் கதவு உன் கையை ஏத்துக்கணும். இல்லேன்னா கணக்கை முடிச்சுக்கிட்டுக் கிளம்பு. எனக்குத் தொழில் முக்கியம்" என்றார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்த ஒயர்மேன், கருவிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்த குப்பியை மெல்ல வெளியே எடுத்தார். மனைவி அடுப்படியில் உட்கார்ந்து, விரலில் காய்ந்து படிந்திருந்த பசையைத் தோல் உரிப்பதுபோல உரித்துக்கொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காத. இதைத் தடவிக்கிட்டு ஒரே ஒரு தடவை வெச்சுப் பாரேன்."

அவள் வாங்கி மோந்து பார்த்தாள். "என்னங்க, இது தலைக்குத் தேய்க்கிற எண்ணெய். நம்ம அலமாரியிலேயே இருக்கு."

"அவரு ஓதிக் குடுத்தது."

"சரி, நான் ஒண்ணு கேக்கறேன். கணக்கரோட கையைக் கதவு தள்ளிச்சா?"

"இல்ல."

"மைத்துனர் கையை?"

"அவர் கையை ஏன் தள்ளப்போவுது?"

"ஊர்ப் பாவமெல்லாம் பசை மேஜையில மட்டும் வந்து குவிஞ்சிருக்கா? எங்க மேஜையில இருக்கற அத்தனை பேரையும் தள்ளுதே!"

ஒயர்மேன் சிரித்தார். "அடிப் போடி. அதுக்குக் காரணம் இருக்கு. விரல்ல பசை காஞ்சு படிஞ்சா ரேகை தெரியாது. உங்களுக்கெல்லாம் விரலுக்குப் பதிலா கதவுல காட்டற கார்டு குடுத்துடுங்கன்னு முதலாளிகிட்ட அப்பவே சொன்னேன். வீண் செலவுன்னுட்டாரு."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இவ்வளவு தெரிஞ்சுமா எண்ணெய் வாங்கிட்டு வந்தீங்க?"

"அது ஒயர் கணக்கு. இது சக்தி கணக்கு."

"சக்தி கணக்கையே கேக்கறேன். விரலை ஏத்துக்கிட்டா அந்தப் பொம்பளைக் குரல் 'நன்றி'ன்னு சொல்லுது. சித்தர் திறக்கும்போது மட்டும் ஏன் சொல்லமாட்டேங்குது?"

"பொத்தானை அமுக்கித் திறந்தா நன்றி சொல்லாது. உள்ளேருந்து வெளிய போறவங்களுக்குக் கதவு பக்கத்துல பொத்தான் இருக்கில்ல, அது மாதிரி…" ஒயர்மேன் பாதியில் நிறுத்தினார்.

"வேற எங்கயாவது பொத்தான் வெச்சீங்களா?"

"வரவேற்பு மேஜைக்கு அடியில ஒண்ணு வெச்சேன். அங்க ஆள் போடப்போறதா முதலாளி சொன்னாரு. அப்புறம் ஆளும் வேணாம், பொத்தானும் வேணாம்னுட்டாரு. அந்த ஒயரை நான் வெட்டி விட்டுட்டேனே!"

"வெட்டினப்புறம் அமுக்கிப் பார்த்தீங்களா?"

"வீட்டுக்குக் கிளம்பற நேரம். ஏணியில ஏறி வெட்டினேன், இறங்கினேன், வந்துட்டேன்."

"அந்த மேஜைக்கு வேற என்ன ஒயர் போவுது?"

"அழைப்பு மணிக்கு ஒண்ணு. ரெண்டும் ஒரே சாம்பல் நிறம்…"

"மணி எப்போலேருந்து அடிக்கல?"

பதில் ஒயர்மேனின் முகத்தில் வியர்வையாக வழிந்தது. மணியை அடக்கிய சித்தர் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது வெளிய தெரிஞ்சா என் பொழப்பு என்னாவறது? எந்த ஒயரை வெட்டினோம்னு தெரியாதவன்னு ஊரே சொல்லும். அப்புறம் எவன் வேலை குடுப்பான்?"

"தெரியலேன்னா நாளைக்கு என் வேலை போயிடும். கெட்ட கைன்னு பேரும் வாங்கிட்டு வந்து நிப்பேன்" என்றாள் அவள். "நான் வற்புறுத்தலை. நீங்களே யோசிங்க."

அன்று இரவு முழுக்க அவர் பாயில் புரண்டு புரண்டு யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

மறுநாள் வரிசை இன்னும் நீண்டிருந்தது. ஒருத்தியைக் கதவு துரத்தப்போகிறது என்ற செய்தி பரவியிருந்தது. அடுத்தவரைத் துரத்துவதை வேடிக்கை பார்க்க யாருக்குத்தான் கசக்கும்? முதலாளி வாசலில் கைகட்டி நின்றார். ஒயர்மேனின் மனைவி ஒரு கையில் பசை டப்பாவோடு வந்தாள். விரலை வைத்தாள்.

"மீண்டும் முயலவும்."

"பார்த்தீங்களா!" என்றார் மைத்துனர்.

"பார்த்தாங்க" என்றாள் அவள். "முதலாளி, நீங்க வைங்களேன். உங்க கை நல்ல கைதானே?"

முதலாளி மார்பை நிமிர்த்தி வந்து பெருவிரலை வைத்தார். "நன்றி" என்றது குரல். கூட்டம் கைதட்டியது. அவர் மகிழ்ச்சியில் கையை நீட்டியபடியே நிற்க, அவள் டப்பாவிலிருந்த தூரிகையை எடுத்து அந்தப் பெருவிரலில் பசையைப் பூசிவிட்டாள்.

"என்னம்மா இது!"

"ஒண்ணுமில்ல, ஊதுங்க. காயட்டும்."

ஏன் என்று கேட்காமல் ஊதினார். சொன்னதைச் செய்கிற பழக்கம் சித்தரிடம் கற்றது. காய்ந்ததும் விரலை வைத்தார்.

"மீண்டும் முயலவும்."

இன்னொரு முறை அழுத்தி வைத்தார். குரல் முதலாளி என்றும் பார்க்கவில்லை. வரிசையில் யாரோ உச்சுக் கொட்டிவிட்டார்கள். முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்து மைத்துனர் பழக்க தோஷத்தில் அவரிடமே ஒரு குப்பியை நீட்டினார்.

உள்ளே இருந்து சித்தர் குரல் கொடுத்தார். "அவ தொட்டதுல கேடு ஒட்டிக்கிச்சு! பயப்படாதீங்க. நான் இருக்கேன்." கண்ணை மூடினார், உதட்டை அசைத்தார். டக்! கதவு திறந்தது. கூட்டம் ஆரவாரத்தோடு உள்ளே நுழைந்தது. எல்லோரும் வந்தபின் கதவு தானாக மூடிக்கொண்டது.

"இப்ப என்ன சொல்ற?" என்றார் சித்தர்.

"கும்பிடறேன்னு சொல்றேன்" என்றாள் அவள். "கதவு உங்க வாக்குக்குத்தானே திறக்குது? வாக்கு இருக்கறது வாயில. கால் ரெண்டையும் தூக்கி மேஜைமேல வெச்சுக்கிட்டு இன்னொரு தடவை திறங்க."

சித்தரின் கண் ஒரு நொடி மேஜைக்கு அடியில் போய்த் திரும்பியது. "கால் பூமியில படலேன்னா சக்தி இறங்காது."

"படட்டும். நாற்காலியை மட்டும் சுவரோரமா இழுத்துப் போட்டுக்குங்க. அங்கயும் பூமிதானே இருக்கு?"

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கேட்டது. மாப்பிள்ளைப் பையனுடையது. சித்தர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி பெருவிரலில் இருந்த பசையைச் சுரண்டிக்கொண்டே, "உக்காருங்களேன், என்ன இப்ப?" என்றார். வேறு வழியில்லை. சுவரோரம் உட்கார்ந்தார். உதட்டை அசைத்தார். கதவு அசையவில்லை. கையைத் தூக்கினார், புருவத்தை நெரித்தார், வியர்த்தார். கதவு தேமே என்று நின்றது.

"கூட்டத்துல நம்பிக்கையில்லாதவ ஒருத்தி இருக்கா! அதான்!" என்று கத்தினார்.

"அவ நேத்தும் இருந்தா, முந்தாநாளும் இருந்தா. அப்பல்லாம் திறந்துச்சே?" என்றாள் அவள்.

முதலாளி தடுமாறினார். சித்தர் எழப் பார்த்தார். அந்த நொடியில் ஒயர்மேன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"முதலாளி, மேஜைக்கு அடியில கதவைத் திறக்கற பொத்தான் இருக்கு. வேணாம்னீங்க. அதை வெட்டறதா நெனச்சு மணி ஒயரை வெட்டிட்டேன். தப்பு என்னுது. அந்தப் பொத்தான் இவரோட முழங்கால்ல மாட்டிக்கிச்சு."

குனிந்து பார்த்தார் முதலாளி. சிறு பச்சைப் பொத்தான். நித்தம் முழங்கால் பட்டுப் பட்டுப் பளபளவென்று இருந்தது. அவர் நிமிர்வதற்குள் சித்தர் கதவருகே ஓடிவிட்டார். இழுத்தார், தள்ளினார், ஓங்கிக் குத்தினார். சிஷ்யன் குருவை மதிக்கவில்லை. பாவம், பக்கத்துச் சுவரிலேயே வெளியே போகும் பொத்தான் இருப்பது பதற்றத்தில் அவர் கண்ணுக்குப் படவில்லை. ஒயர்மேன் போய் அமுக்கினார். டக்! சித்தர் துண்டைக்கூட எடுக்காமல் தெருவில் பாய்ந்தார். குப்பிகளை வாரிக்கொண்டு மைத்துனர் வேறு பக்கம் பாய்ந்தார்.

முதலாளி வெந்நீரில் கையைக் கழுவிவிட்டு வந்து, வெளியே போய் விரலை வைத்தார். "நன்றி" என்று கேட்டபின்தான் அவருக்கு மூச்சு வந்தது. "பசை மேஜைக்கு எல்லாருக்கும் கார்டு வாங்கிடு" என்று ஒயர்மேனிடம் சொன்னார். அவள் பக்கம் திரும்பி, "நீ போய் வேலையைப் பாரும்மா. நான்தான் முட்டாளாயிட்டேன்" என்றார். ஒயர்மேனின் பிழைப்பும் போகவில்லை. மணியைச் சரிசெய்யும் வேலையும் அவருக்கே வந்தது, கூலியில்லாமல்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. பொத்தான் வேலை செய்வதை எல்லோரும் பார்க்கட்டும் என்று அவள் சித்தரின் நாற்காலியை மேஜையருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழங்காலை லேசாகத் தூக்கினாள். டக்! கதவு திறந்தது. சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தாள். ஒரு சத்தமும் இல்லை. முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் கண்கலங்கக் கைகூப்பினார். அவர் பின்னால் நின்றவர்கள் வேகவேகமாக வரிசை கட்டினார்கள்.

"தாயே, சக்தி உங்ககிட்ட வந்துடுச்சு!" என்று பெரியவர் பெருவிரலை அவள் முன் நீட்டினார். "என் கையைக் கொஞ்சம் பாருங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு எழுந்து, நீண்டிருந்த அந்த விரலைப் பிடித்து, அவருடைய நெற்றியிலேயே கொண்டுபோய் வைத்தாள்.

"இதுக்குள்ள ஒண்ணு பூட்டியே கெடக்கு பெரியவரே. முதல்ல இதைத் திறங்க!"