எக்ஸ்ட்ரா அண்ணனின் பெயர்ப் பட்டியல்

மதுரையில் கபடிக் கோட்டைத் தொட்டவன், தொடாதவன், தொடலாமா என்று யோசித்தவன் என எல்லார் பெயரும் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் 'எக்ஸ்ட்ரா' அண்ணன்தான்.

அவர் எங்கள் பத்திரிகையின் விளையாட்டு நிருபர். நான் அங்கே உதவி ஆசிரியர். வந்த செய்தியை வெட்டிச் சுருக்குவது என் பிழைப்பு. செல்லூரில் கபடி என்றால் அண்ணன் ஆடியவர்களோடு நிறுத்த மாட்டார். வெளியே உட்கார்ந்திருந்த மாற்று வீரர்கள், சுண்ணாம்புக் கோடு போட்டவர், தண்ணீர் கொடுத்தவர் எல்லார் பெயரையும் எழுதிக் கொடுப்பார். கடைசி நாலு வரியை நான் தவறாமல் வெட்டுவேன்.

"ஏன் மாப்ள, நாலு பேரு சேத்துப் போட்டா என்ன கொறஞ்சு போயிரும்?"

"இடம் இல்லண்ணே."

ஒருநாள் ஆசிரியர் அவரைக் கூப்பிட்டார். "உள்ளூர் விளையாட்ட யாரும் படிக்கிறதில்ல. ஃபேஸ்புக்ல ஒரு பக்கம் ஆரம்பிங்க. ரெண்டு மாசத்துல ஆள் சேரலைன்னா அதுக்கு ஒதுக்கியிருக்கிற கால் பக்கம் விளம்பரத்துக்குப் போயிரும். நீங்க காய்கறி விலை எழுதலாம்."

அண்ணன் ஆடிப்போய்விட்டார். "கத்திரிக்காய்க்கு ஏதுடா மாற்று வீரர்?" என்று என்னிடம் கேட்டார்.

முதல் முயற்சி நேரலை. போன் என்றால் காதில் வைப்பதுதானே அவருக்குப் பழக்கம்! ஆட்டம் முழுக்க அப்படியே வைத்துக்கொண்டு ஆவேசமாக வர்ணனை செய்தார். பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவருடைய இடது காது.

"அண்ணே, காது நல்லா தெரியுது. மேட்ச் எங்கண்ணே?" என்று ஒருவர் எழுதியிருந்தார். அண்ணன் பதில் போட்டார்: "தங்கள் மேலான கருத்துக்கு நன்றி. காது என்னுடையதுதான்."

மறுநாள் என் மேஜைக்கு வந்தார். "மாப்ள, இந்த ஃபேஸ்புக்ல எம்புட்டு வரி எழுதலாம்?"

"எம்புட்டு வேணாலும் எழுதலாம்ணே."

"வெட்ட மாட்டாகளா?"

"வெட்ட ஆளே கெடையாதுண்ணே."

அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. அன்று மாலையே முழுப் பட்டியலும் ஏறிவிட்டது. செல்லூர் அணியின் ஐந்தாவது மாற்று வீரர் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவர். அவர் பெயர் வந்த பதிவை மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும் பகிர்ந்தது. கீழக்குயில்குடியிலிருந்து ஓர் அம்மா, "எங்க வீட்டுக்காரரு கோடு போட்டதுக்குக்கூடப் பேரு போட்ட மகராசன் நல்லாருக்கணும்" என்று எழுதினார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குடும்பம் வந்து சேர, இரண்டு மாதத்தில் கால் பக்கம் பிழைத்தது. ஆசிரியர் மட்டும், எல்லார் பெயரையும் போட்டதே ஏதோ தன் யோசனை போல நடந்துகொண்டார்.

அதன்பிறகு கப்பலூரில் எங்கள் அலுவலக அணிக்கும் ஒரு தொழிற்சாலை அணிக்கும் கிரிக்கெட் நடந்தது. நான் பதினோராவது ஆட்டக்காரன். எனக்கு முன்னால் இருந்தவர்களே ஜெயித்துத் தொலைத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் என் மனைவி போனைப் பார்த்துச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தாள். என் பெயரைப் போட்டு, "களம் இறங்க வாய்ப்பு வரவில்லை. ஆனாலும் கடைசி ஓவர் வரை காலில் பேடு கட்டிக்கொண்டு தயாராக இருந்தார்" என்று அண்ணன் எழுதியிருந்தார்.

"நெசமாவே கட்டிக்கிட்டு இருந்தீகளா?" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

எத்தனை வருடம் அந்தக் கடைசி நாலு வரியை வெட்டியிருப்பேன்! அதை மனதில் வைத்துக்கொள்ளாமல் என்னையும் அந்த வரிசையில் சேர்த்திருந்தார். அன்று அந்தப் பதிவை ஊரில் உள்ள சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பினேன். எக்ஸ்ட்ரா அண்ணே, நேரில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.