தாம்பூலம் ஏற்றிய இன்ஜின்

திண்டுக்கல்,
தை மாதம், 1962

பம்பாயிலிருக்கும் என் மனைவியின் அருமைத் தம்பி சிரஞ்சீவி கண்ணுசாமிக்கு, அத்தான் சுப்புராஜ் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொள்வது. நீ அனுப்பிய மோட்டார் வந்து சேரும்வரை இங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருந்தோம். உன் சுகத்தை அறிய இப்போதைக்கு எனக்கு ஆவல் இல்லை.

நான் ரயில்வேயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றபோது நீ தந்த, சாவி கொடுத்தால் ஓடுகிற பொம்மை இன்ஜினே எனக்குப் போதுமாயிருந்தது. மோட்டார் வைத்தால் முன்னாலும் போகும், பின்னாலும் போகும் என்று எழுதி ஆசை காட்டியவன் நீ. பின்னால் போகிற இன்ஜின் வேண்டுமென்று நான் கேட்டேனா? ரேடியோ ரிப்பேர்க் கடை அப்துல் கையூம் இன்ஜினின் வயிற்றிலிருந்த சுருள்வில்லைப் பிடுங்கிவிட்டு உன் மோட்டாரை வைத்தார், லாரி பேட்டரியிலிருந்து தண்டவாளத்துக்கு ஒயர் இழுத்தார், முகப்பில் டார்ச் பல்பு வைத்து, கூவுவதற்கு ஓர் ஊதலையும் மாட்டினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் என் மகள் ராமுத்தாய்க்கு நத்தம் நல்லுசாமியின் மகன் அமைந்தான். மாந்தோப்பு, புளியந்தோப்பு என்று வசதியான இடம். "புள்ள காந்திகிராமத்துல படிச்சது போதும், இனி எங்க தோப்பப் பாத்துக்கிரட்டும்" என்றார் நல்லுசாமி. நானும் தலையாட்டினேன். நிச்சயதார்த்தத்தில் தாம்பூலத் தட்டைக் கையால் நீட்டுவது ஊரில் எல்லோரும் செய்வது. நான் இன்ஜின் டிரைவர், தட்டை ரயிலில் அனுப்புவதென்று முடிவு கட்டினேன். தேங்காய் கனம் என்று கையூம் சொன்னதால் எலுமிச்சம்பழம் வைத்தோம். அடுக்களையிலிருந்து கூடம்வரை தண்டவாளம், முன்னால் பின்னால் என்று திருப்புகிற சுவிட்சுப் பெட்டி அடுக்களைக் கதவுக்குப் பின்னால். நான் கனைத்ததும் உன் அக்கா பேச்சியம்மாள் சுவிட்சைப் போட்டாள், இன்ஜின் விளக்கெரிய, கூவிக்கொண்டு சபைக்குள் வந்தது. நல்லுசாமி இரண்டு கையையும் நீட்டினார். நின்றது, இன்னொரு கூவல் கூவியது, தட்டோடு அடுக்களைக்கே திரும்பிப் போய்விட்டது! மறுபடி வந்தது, அவர் மறுபடி கை நீட்டினார், மறுபடி போய்விட்டது. நான் பட்டுவேட்டியோடு தவழ்ந்து துரத்தினேன்.

"என்னய்யா, தாம்பூலத்த நீட்டி நீட்டி இழுத்துக்கிறீக? பொண்ணு குடுக்க மனசில்லேன்னா வாயால சொல்றது!" என்று துண்டை உதறிக்கொண்டு அம்புட்டுப் பேரும் போய்விட்டார்கள். கையூமைக் கேட்டால் மோட்டாரைச் சொல்கிறார். உன் அக்காவைக் கேட்டால், "நா சுவிட்சப் போட்டுட்டு வடையப் பாக்கப் போயிட்டேன்" என்கிறாள். ராமுத்தாய் மட்டும் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க நின்றாள். அழாதே தாயி என்று நான்தான் தேற்றினேன். என் மகள் வாழ்க்கையைக் கெடுத்த உன் மோட்டாரை நாளைக்கே பார்சலில் திருப்பி அனுப்புகிறேன்.

மற்றபடி நீ மோட்டார் வாடையே படாமல் தீர்க்காயுசாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த அத்தான்
சுப்புராஜ்

பி.கு.: ஒட்டுமுன் கடிதத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். ராமுத்தாய், "மாமாவத் திட்டாதீங்கப்பா. சுவிட்சத் திருப்புனது நாந்தான். படிக்கணும்னு எத்தன தடவ சொன்னேன், காதுல வாங்குனீகளா? அன்னைக்கு நா அழுகவும் இல்ல, சிரிப்பு தாங்கல" என்றாள். கோபம் வரும் என்று செத்த நேரம் காத்திருந்தேன், வரவில்லை. என் சர்வீஸில் நான்கூட இவ்வளவு நயமாக ஒரு வண்டியைப் பின்னால் எடுத்ததில்லை. ஆகையால் மேலே ஆசீர்வாதத்தைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. பார்சல் வராது. அவள் காந்திகிராமத்துக்கே போகிறாள். நீ சிவப்பிலும் பச்சையிலும் ஒவ்வொரு சிக்னல் விளக்கு அனுப்பு. அடுத்த வரன் வரும்போது, தட்டு புறப்படும் முன்பே அவள் தன் விருப்பப்படி ஒன்றை எரியவிடட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.