நிலத்தையும் சேர்த்துப் பதினேழு படிகள்

கணிதம் படிப்பிக்கிறவன் வீடு கட்டக் கூடாது. கட்டினாலும் அதற்கு மாடி வைக்கக் கூடாது. இதை ஒப்புக்கொள்வதற்கு எனக்கு ஆறு வருடங்களும் இரண்டு முழங்கால்களும் தேவைப்பட்டன.

பண்டத்தரிப்பில் நாங்கள் வீடு கட்டத் தொடங்கியபோது என் மனைவி வதனிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. தெல்லிப்பழையில் தனியாக இருந்த தகப்பனைக் கொண்டுவந்து எங்களோடு வைத்திருக்க வேண்டும். மாமி போன பிறகு மாமா அந்த வீட்டில் தானே சமைத்து, தானே சாப்பிட்டு, உப்புக் கூடிவிட்டதென்று தன்னோடு தானே கோபித்துக்கொண்டிருந்தார். எத்தனை தரம் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில் ஒருநாள், "மேலை காத்து வாற அறை ஒண்டு இருந்தால் யோசிப்பம்" என்றார். மாமா 'யோசிப்பம்' என்றால் சம்மதம் என்று அர்த்தம். (வதனியும் அதே சொல்லைத்தான் பாவிப்பாள். அர்த்தம் வேறு.)

ஆகவே மாடி. மாடி என்றால் படி வேண்டும். படியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த நாட்களில் என் போன் முழுக்கப் படிகளின் படங்கள். கொங்கிரீட்டைப் பூசாமல் அப்படியே விட்ட படி, கருங்கல் பதித்த படி, ஒவ்வொரு படியின் கீழும் ஒளிந்திருந்து வெளிச்சம் வருகிற படி என்று இரவு பகலாகச் சேர்த்தேன். குறிப்பாகப் படியின் முகப்பில் எனக்குப் பெரிய மயக்கம். (கால் வைக்கிற பக்கத்தைச் சொல்லவில்லை, கால்விரல் போய் முட்டுகிற பக்கம்.) முகப்புக்குக் கறுப்புக் கல், மிதிக்கிற பக்கத்துக்கு வெள்ளைக் கல் என்று ஒரு படத்தில் கண்டேன். அந்தப் படத்தில் கைபிடியும் இல்லை. அதில் ஆட்களும் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

படத்தை மேசன் செல்வண்ணையிடம் காட்டினேன். அவர் தன் மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்தார்.

"பத்தரை அடி உயரம், சேர். ஆறங்குலத்திலை இருபத்தொரு படி வைப்பம். வயசான ஆக்களுக்கும் ஏறச் சுகம்."

"ஆறங்குலத்திலை கல்லின்ரை வடிவு தெரியாது அண்ணை. எட்டு வையுங்கோ."

அவர் கணக்குப் பார்த்தார். "அப்ப பதினாறு படி வரும். இரட்டையிலை முடியுது."

எங்கள் பக்கத்தில் படிகளை லாபம், நட்டம் என்று மாறி மாறி எண்ணுவார்கள். மேலே போய் வைக்கிற கடைசிக் கால் லாபத்தில் விழ வேண்டும். பதினாறு என்றால் மாடித் தரையில் வைக்கிற கால் நேராக நட்டத்தில் விழும். இது எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் ஒரு விடை இருந்தது.

"முதல் நாங்கள் கீழை நிலத்திலை நிக்கிறமெல்லோ? அதையும் சேர்த்து எண்ணுங்கோ. பதினேழு."

செல்வண்ணை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. வகுப்பில் கடைசி வாங்குப் பெடியளை நான் அப்படித்தான் பார்ப்பேன். "சேர்த்தால் சரிதான், சேர்" என்றுவிட்டுச் சீமெந்து குழைக்கப் போய்விட்டார்.

புது வீட்டுக்குக் குடிபூரல் அன்று பால் பொங்கி முடிந்தது. மாமா சுவாமிப் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் ஏற, பின்னால் நிறைகுடத்தோடு வதனி, அவளுக்குப் பின்னால் குத்துவிளக்கோடு ஐயர், பிறகு தட்டங்களோடு சொந்தக்காரர். கைபிடி இல்லாதபடியால் எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டு ஏறினார்கள். நான் கீழே நின்று, கனடாவில் இருக்கிற மைத்துனன் குகனுக்குப் போனில் நேரடியாகக் காட்டிக்கொண்டிருந்தேன். உண்மையில் நான் காட்டியது கல்லை.

பதினைந்தாவது படியில் மாமா நின்றார்.

"இது எத்தினையாவது படி?" திரும்பாமலே கேட்டார்.

"பதினைஞ்சு மாமா. இன்னும் ஒண்டுதான்."

"அப்ப அது நட்டம். நட்டத்திலை கால் வைச்சு உள்ளுக்குப் போகமாட்டன்."

கீழிருந்து நான் விளக்கம் கொடுத்தேன். நிலத்தையும் சேர்த்தால் பதினேழு என்றேன். விஞ்ஞானபூர்வமாக என்றும் ஒரு சொல் பாவித்ததாக நினைவு. "நிலத்தை ஆர் படி எண்டு சொன்னது?" என்று மாமா கேட்டார். ஐயர் பஞ்சாங்கத்தில் இல்லாத கேள்வி என்பதுபோலக் கூரையைப் பார்த்தார். குத்துவிளக்கின் எண்ணெய் அவர் கையில் வழிந்தது. ஒருவராலும் மேலே போகவும் முடியவில்லை, கீழே வரவும் முடியவில்லை.

போனிலிருந்து குகனின் குரல் வந்தது. "அத்தான், லைன் நிண்டிட்டுது போலை. ஒருத்தரும் அசையேல்லை."

புது வேட்டியோடு விருந்தாளியாக வந்திருந்த செல்வண்ணைதான் கடைசியில் வளவுக்குப் போய், மிஞ்சிக் கிடந்த கறுப்புக் கல் ஒன்றைத் தூக்கி வந்து முதல் படிக்கு முன்னால் வைத்தார். "இப்ப பதினேழு. எல்லாரும் இறங்கி, முதலிலை இருந்து ஏறுங்கோ."

இறங்கினார்கள். எட்டங்குலப் படியில் பின்பக்கமாக இறங்குவது எப்படியிருக்கும் என்று அன்றைக்குத்தான் கண்டேன். மாமாவை இருவர் பிடித்து இறக்கினார்கள். அந்த வெட்கத்தை மறைக்க நான் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. கல் ஆடாது என்று சபைக்கு நிரூபிக்கப் போனை உயர்த்திப் பிடித்தபடி அதன்மேல் ஏறினேன். கீழே புதிதாகப் பதித்த மாபிள். அதில் அப்போதுதான் யாரோ நிறைகுடத்துத் தண்ணீரைச் சிந்தியிருந்தார்கள். கல் என்னையும் ஏற்றிக்கொண்டு விறாந்தை வாசல்வரை போனது. நின்றபடி ஏறிய நான் குந்தியபடி போய்ச் சேர்ந்தேன்.

"ஆ, லைன் வந்திட்டுது" என்றான் குகன்.

சனம் சிரித்து ஓய்ந்தபோது, மாமா சுவாமிப் படத்தை எனக்கென்று கட்டிய கீழ் அறையில், என் புத்தக மேசையில் வைத்துவிட்டு, "இண்டைக்கு இதிலை இருக்கட்டும்" என்றார். பின்னேரம், வந்தவர்கள் போன பிறகு, என்னை அங்கே கூப்பிட்டார்.

"தம்பி, கதவைச் சாத்தும்."

சாத்தினேன். இடுப்பு வலித்தது.

"நான் படி எண்ணேல்லை. அதிலை என்ரை முழங்கால் நிண்டிட்டுது. கால் எழும்பேல்லை. கையிலை சாமி, பின்னாலை சனம். என்ன செய்யுறதெண்டு தெரியாமல் நிக்கேக்கைதான் லாபம் நட்டம் ஞாபகம் வந்தது. பிள்ளைக்குச் சொல்லிப்போடாதையும். எனக்கெண்டு ஆசையாக் கட்டின மாடியெல்லோ, அழுவாள். நான் நாளைக்குத் தெல்லிப்பழைக்குப் போறன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. மாதக்கணக்காகக் கல்லின் முகத்தைப் பார்த்தவன், அதில் ஏறப்போகிறவரின் முழங்காலை ஒருநாளும் பார்க்கவில்லை. செல்வண்ணை சொல்லியும் எனக்குக் கேட்கவில்லை.

"மாமா, உந்த அறையிலையும் காத்து வரும். ரெண்டு யன்னல் இருக்கு. நீங்கள் இதிலை இருங்கோ. நான் மேலை போறன்."

அவர் யன்னல்களைத் திறந்து பார்த்தார். பிறகு கட்டிலில் இருந்தார்.

"யோசிப்பம்" என்றார்.

ஆறு வருடமாக அந்த அறையில்தான் இருக்கிறார். (வதனி நான் எழுதுவதை வாசிப்பதில்லை. அந்தத் துணிவில்தான் இதைச் சொல்கிறேன்.) கைபிடி அடுத்த மாதமே போட்டாயிற்று. அந்தக் கறுப்புக் கல்லைச் சீமெந்து வைத்து அங்கேயே ஒட்டிவிட்டோம். வீட்டுக்கு வருகிற எவரும் அதில் ஒருதரம் தடக்குப்படாமல் போனதில்லை. நான் சந்தையில் மாம்பழம் எண்ணினாலும், கல்யாணத்துக்கு ஆள் எண்ணினாலும் வதனி கேட்பாள், "நிலத்தையும் சேர்த்தோ?" குகன் கனடாவிலிருந்து போன் எடுத்தால் சுகம் விசாரிக்க முதல் அதைத்தான் கேட்பான்.

போன கிழமை தண்ணீர்ப் போத்தலோடு மேலே ஏறிக்கொண்டிருந்தேன். கல் வடிவாகத்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது. முடிய இரண்டு படி இருக்கும்போது என் வலது முழங்கால் நின்றுவிட்டது. கைபிடியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன்.

கீழே வதனி. "ஏனப்பா நிண்டிட்டியள்?"

"எண்ணுறன்" என்றேன்.

அவள் சிரிக்கத் தொடங்கினாள். கீழ் அறையிலிருந்து மாமா ஒருமுறை செருமினார்.

"அவரை விடு பிள்ளை. ஆறுதலா எண்ணட்டும்."