பஸ்ஸுக்குப் போட்ட வாக்கு

"கட்டுக்காசும் போச்சுதாம்," என்று வானொலியை நிறுத்தினாள் ஏரம்புவின் மனைவி இரத்தினம்மா.

அவர் தேநீரைக் கீழே வைத்தார். கொழும்புக் கட்சியின் வேட்பாளரிடம், "பஸ் விடுங்கோ, எங்கடை ஊர் வாக்கு முழுக்க உங்களுக்குத்தான்," என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னவர் ஏரம்பு. தேர்தலுக்கு முன்பே அரசாங்கத்தின் சிவப்பு பஸ் வந்துவிட்டது. மகள் குணலட்சுமி அதில்தான் நல்லூருக்குப் படிக்கப் போனாள். இப்போது வேட்பாளர் இங்கே தேர்தலுக்குக் கட்டிய பணத்தையும் இழந்து தோற்றுவிட்டார். அவருடைய கட்சி கொழும்பில் வென்றுவிட்டது.

"பஸ்ஸைப் பறிக்கப் போறாங்கள். பிள்ளையின்ரை படிப்பு அவ்வளவுதான். நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"ஊரெல்லாம் பஸ்ஸுக்குப் போடும்தானே, நான் ஒருத்தன் தமிழுக்குப் போட்டால் என்ன எண்டு..."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்."

விசாரித்ததில் ஊர் முழுவதும் அப்படித்தான் நினைத்திருந்தது.

ஏரம்பு சோர்ந்துபோகிறவர் அல்லர். ஊருக்காக அப்படி ஓடித்திரிந்த மனிதரைப் பிறகு நான் காணவில்லை.

"சனமில்லை எண்டு சாட்டுச் சொல்லித்தான் நிப்பாட்டுவாங்கள். எல்லாரும் ஏறுங்கோ!" என்றார்.

மறுநாள் அலுவல் இல்லாதவர்களும் ஏறினார்கள். பாரம் தாங்காமல் பாதிவழியில் பஸ்ஸின் அடியிலிருந்த வில்லுத்தகடு முறிந்தது. அந்தக் கிழமை முழுவதும் பஸ் வரவில்லை.

"இனி நான் பள்ளிக்கூடம் போகேலாதோ அப்பு?" குணலட்சுமி அழுதாள்.

பஸ் திருத்தி வந்ததும் ஏரம்பு அதன் முகப்பில் கொழும்புக் கட்சிக் கொடியைக் கட்டிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார். சுன்னாகத்தில் தமிழ்க் கட்சி இளைஞர்கள் மறித்தார்கள்.

"ஆற்றை கொடி அண்ணை உது? வெக்கமில்லையோ?"

"கோவிக்காதையுங்கோ தம்பியவை. உங்கடையையும் தாருங்கோ," என்று வாங்கி, அதையும் பக்கத்தில் கட்டினார்.

சிங்களச் சாரதி குணபால இறங்கி வந்து பார்த்தார். அவருக்குத் தமிழ் ஓரளவு வரும்.

"என்ன ஐயா, இது கலியாண பஸ்ஸா? டிப்போவிலே கேட்டா நான் என்ன சொல்றது?"

கதை டிப்போ வரைக்கும் போனால் எல்லாம் முடிந்தது. ஏரம்பு சாரதியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையைச் சொல்லிப்போடுறன் தம்பி. நாங்கள் ஒருத்தரும் உங்கடை கட்சிக்குப் போடேல்லை. பஸ்ஸை மட்டும் கொண்டுபோயிடாதேங்கோ. பிள்ளை படிக்கோணும்."

குணபால சிரித்த சிரிப்பில் மறித்து நின்றவர்களும் விலகி நின்றார்கள்.

"பயம் வேணாம் ஐயா, இந்த பஸ் உங்கட வோட்டுக்கு வந்தது இல்லே. எங்கட வீட்டிலே பதினொரு வோட், அதுக்குத்தான் எனக்கு டிரைவர் வேலை குடுத்தது. எங்கட ஊரிலே பஸ் போற ரோட் இல்லே, அதுதான் என்னையும் பஸ்ஸையும் இங்கே அனுப்பினது!"